மழைக்குச் சுருங்கும் நலம் விரும்பி

குடும்ப கௌரவம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சிலர் வீட்டைக் காட்டுவார்கள், சிலர் பிள்ளைகளைக் காட்டுவார்கள். பெரியவர் ஒரு பாஸ் புத்தகத்தைக் காட்டுவார். அதுவும் அவருடையது அல்ல. அவருடைய அப்பா தொடங்கிய விளையாட்டு அறக்கட்டளையின் பாஸ் புத்தகம். நாற்பத்தோரு வருடங்களாக அந்த அறக்கட்டளை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் வாலிபாலும் ஓட்டமும் கற்றுக்கொடுத்து வருகிறது. ஒரு பிள்ளையிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. ஒரு வருடமும் பற்றாக்குறை என்று சொல்லிக் கை நீட்டியதில்லை. இந்த இரண்டையும் சொல்லும்போது பெரியவரின் முதுகு தானாக நிமிரும். ஏற்கெனவே நிமிர்ந்த முதுகு அது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்த முதுகு.

அந்த முதுகுக்குத்தான் ஆடிட்டரின் அறையில் சோதனை வந்தது.

ஆடிட்டர் புதியவள். பழைய ஆடிட்டர் ஓய்வு பெற்றதும் அவருடைய மகள் அதே மேசைக்கு வந்திருந்தாள். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுச் சொன்னாள்.

"ஐயா, கணக்கு நல்லா இருக்கு. ரொம்பவே நல்லா இருக்கு. அதுதான் பிரச்சினை."

"நல்லா இருக்கறது எப்பம்மா பிரச்சினையாச்சு?"

"சாப்பிடாதவங்க மாசா மாசம் எடை ஏறினா டாக்டர் யோசிப்பாரில்ல? அது மாதிரிதான். பந்து, வலை, கோச் சம்பளம், மைதானக்காரர் சம்பளம், தண்ணி, கரண்ட் எல்லாம் சேர்த்துப் பாருங்க. உங்களுக்கு வர்ற சந்தாவும் வட்டியும் அதுல பாதிக்குத்தான் காணும். மிச்சப் பாதியை ஒருத்தர் குடுக்கறார். நலம் விரும்பி. யாரு ஐயா அது?"

"நலம் விரும்பிதான்."

"அது பேரு இல்லீங்களே ஐயா. குணம்."

பெரியவருக்கே அது யார் என்று தெரியாது.

மைதானத்து நிலம் நகராட்சியுடையது. பத்து வருடத்துக்கு ஒருமுறை குத்தகையைப் புதுப்பிக்க வேண்டும். அது இந்த வருடம் வந்திருந்தது. கூடவே ஒரு புதுப் படிவமும் வந்திருந்தது. பெருந்தொகை கொடுப்பவர்களின் பெயர், முகவரி, பணம் வந்த வழி, இவை உண்மை என்று தலைவரான பெரியவரின் கையெழுத்து. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் குத்தகை போய்விடும். அந்த நிலத்தில் கார் நிறுத்துமிடம் கட்ட வேண்டும் என்று ஒரு திட்டம் நகராட்சியில் இரண்டு வருடமாக வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது.

"வெறுமனே நலம் விரும்பின்னு எழுதினா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"உங்களைக் கார் நிறுத்தறதுக்கு வரச் சொல்லுவாங்க" என்றாள் ஆடிட்டர்.

நலம் விரும்பி வந்த கதை பெரியவருக்கு நன்றாக நினைவிருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் பொதுக்குழுவில் பெயின்ட் கடைக்காரர் எழுந்து, மைதானச் சுவரில் தன் கடை விளம்பரம் எழுத இடம் கொடுத்தால் வருடா வருடம் ஒரு தொகை தருவதாகச் சொன்னார். பெரியவர் கொதித்துப் போனார். "எங்கப்பா பேரு எழுதின சுவத்துல பெயின்ட் டப்பா தொங்கணுமா?" என்றார். "மனசு இருக்கறவங்க தானா வருவாங்க. நீங்க உக்காருங்க" என்றார். பெயின்ட் கடைக்காரர் உட்கார்ந்தார். அடுத்த மாதமே கணக்கில் நலம் விரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொதுக்குழுவிலும் பெரியவர் அந்த வரியை உரக்க வாசித்து, பெயின்ட் கடைக்காரர் இருக்கும் திசையை ஒரு தடவை பார்ப்பது வழக்கம்.

ஆனால் யார் அது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கொடுப்பவரின் பெயரைக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தார். இப்போது நினைத்துப் பார்த்தால், அது மரியாதைதானா, பயமா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

பொருளாளர் அவருடைய தம்பி மனைவி. தம்பி இருந்தவரை அவன்தான் கணக்குப் பார்த்தான். அவன் போன பிறகு அவள் பார்க்கிறாள். ஒரே வீடுதான், அவள் மாடியில். அன்று மாலை பெரியவர் மாடிப்படி ஏறியது, அவர் வழக்கத்துக்கு மாறான காரியம்.

"இந்த நலம் விரும்பி யாரும்மா?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு ஒரு நிமிடம் நின்றது. "என்ன அத்தான் திடீர்னு?"

"படிவத்துல கேக்கறான்."

"பேரு வெளிய தெரிய வேண்டாம்னு..."

"எனக்குக்கூடவா?"

"உங்களுக்குத்தான் முக்கியமா" என்று சொல்லிவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ரெண்டு நாள் குடுங்க அத்தான். யோசிச்சுச் சொல்றேன்."

தம்பி மனைவியை, அதுவும் கணவனை இழந்தவளை, நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்வது அந்த வீட்டுக்கு அழகில்லை. பெரியவர் பதினோரு வருடக் கணக்குப் புத்தகங்களை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாததைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். பத்திரப் பதிவில் இருந்தவருக்கு இது தெரியும்: மனிதர்கள் வாயால் மறைப்பதைக் காகிதத்தில் கொட்டிவிட்டுப் போவார்கள்.

முதலில் அவர் கண்டுபிடித்தது, நலம் விரும்பி முழுத் தொகையாகக் கொடுப்பதில்லை என்பது. ஆயிரம், ஐயாயிரம் என்று இல்லாமல் நாலாயிரத்து எழுநூற்று ஐம்பது, ஆறாயிரத்து நூறு என்று கொடுக்கிறார். தானம் செய்கிறவன் சில்லறையோடா செய்வான்?

அடுத்தது மழை. மழைக்காலம் மூன்று மாதமும் நலம் விரும்பியின் கை சுருங்கிவிடுகிறது. ஒரு வருடம், வெள்ளம் வந்த மாதத்தில், ஒன்றுமே இல்லை. கோடையில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் மறுபடி தாராளம்.

"மழை பெஞ்சா அன்பு கொறையற மனுஷன் யாருடி?" என்று மனைவியைக் கேட்டார்.

"குடை வியாபாரி இல்லைங்கறது மட்டும் தெரியுது" என்றாள் மனைவி, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்றாவது கண்டுபிடிப்புதான் அவரைத் தூக்கிவாரிப் போட்டது. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு மாதம் தொகை இரண்டு மடங்காகியிருந்தது. என்ன மாதம் என்று யோசித்தார். அவர் கண் ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டோடு கிடந்த மாதம். உடனே இன்னொன்றைத் தேடிப் பார்த்தார். மைதானச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபோது, மேற்பார்வை பார்க்கிறேன் என்று அவர் தினமும் காலையில் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதம் ஒன்று உண்டு. அந்த மாதம் நலம் விரும்பி கொடுத்தது வெறும் முந்நூறு.

பெரியவர் புத்தகத்தை மூடினார். மழைக்குச் சுருங்குகிற அந்த அன்பு தன்னைக் கண்டாலும் சுருங்குகிறது. இது யாராக இருக்கும்? கோபம் வரவேண்டிய இடம்தான். ஆனால் வந்தது கோபம் இல்லை. பூட்டிய அறைக்குள் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டால் காதைக் கதவில் வைக்கத் தோன்றுமே, அப்படி ஒரு அரிப்பு.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் மைதானத்துக்குப் போனார். அது அவர் போகிற நேரம் இல்லை. பிள்ளைகள் வருகிற மாலை ஐந்து மணிதான் அவர் நேரம். முன்வாசலை விட்டுவிட்டுப் பின்பக்கச் சந்து வழியாகப் போனார். தன் அப்பா பெயர் எழுதிய இடத்துக்குள் திருடனைப் போல நுழைகிறோமே என்று ஒரு கூச்சம் இருந்தது. கூச்சத்தையும் கூட்டிக்கொண்டு நுழைந்தார்.

கால்பந்து மைதானத்தின் கோல் பக்கம், மைதானக்காரர் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோடு போடும் வண்டியும் அவருமாக இருபது வருடம் ஆகிவிட்டதால் அவருக்குச் சுண்ணாம்பு என்றே பெயர். சுண்ணாம்பு எதைச் செய்தாலும் நேர்கோடாகச் செய்கிறவர். ஆனால் அன்று அவருடைய வண்டி வளைந்து வளைந்து போயிற்று. இரண்டு பெரிய வட்டம், ஒன்றோடு ஒன்று ஒட்டி. வெள்ளை வெளேரென்று, பிசிறில்லாத ஓர் எட்டு.

அந்த எட்டைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். நாலு ஸ்கூட்டர்கள். ஒரு ஸ்கூட்டர் எட்டின்மேல் தள்ளாடித் தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவள் "ஐயோ ஐயோ" என்று ஒரே ராகத்தில் சொல்லிக்கொண்டே ஓட்டினாள்.

"காலை ஊனாதீங்க! ஊனினா ஃபெயில்! தரையைப் பாக்காதீங்க, தரை எங்கயும் போகாது!"

இப்படிக் கத்தியது ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள். கழுத்தில் விசில், கையில் ஒரு அட்டை. அவள் திரும்பினாள், பெரியவரைப் பார்த்தாள், நேராக அவரிடம் வந்தாள்.

"வாங்க ஐயா. புதுசா?"

பெரியவர் ஓர் அடி பின்வாங்கினார். "நான்... சும்மா பாக்கலாம்னு..."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. வயசைப் பத்தி யோசிக்காதீங்க. போன மாசம் அறுபத்தாறு வயசுல ஒரு அம்மா லைசென்ஸ் எடுத்தாங்க. பொம்பளைங்களுக்குத்தான் கத்துக்குடுக்கறேன், ஆனா உங்களை மாதிரி ஒருத்தர் ரெண்டு பேரு வந்தா வேண்டாம்னு சொல்றதில்ல. பத்து நாள் வகுப்பு. எட்டு போட வரலைன்னா வர்ற வரைக்கும் இலவசம்."

"மைதானத்துக்கு என்ன குடுக்கறீங்க?" பெரியவரின் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"ஆளுக்கு, நாளுக்கு ஐம்பது. சுண்ணாம்பண்ணன் நோட்டுல எழுதிக்குவார். ஒரு பைசா ஏமாத்த முடியாது. ஒருநாள் நானே மறந்து போய் ஒருத்தி கணக்கை விட்டுட்டேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்து கேட்டார்னா பாத்துக்குங்க."

பெரியவர் மனதில் கணக்கு ஓடியது. ஐம்பதின் மடங்குகள். நாலாயிரத்து எழுநூற்று ஐம்பது. ஆறாயிரத்து நூறு. அந்தச் சில்லறை இங்கிருந்துதான் வந்தது. மழையில் எட்டு அழிந்துவிடும். அப்புறம் அன்பு எப்படி இருக்கும்?

"மழை இல்லாத நாளெல்லாம் உண்டா?"

"உண்டு. ஆனா ஒண்ணு" என்று அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "இந்த மைதானத்துக்கு ஒரு பெரியவர் இருக்காராம். நான் பாத்ததில்ல. ரொம்ப கறாராம். அவர் தலை தெரிஞ்சா சுண்ணாம்பண்ணன் ரெண்டு விசில் அடிப்பார். நாங்க அஞ்சு நிமிஷத்துல காலி பண்ணிடணும். எட்டை அழிச்சு, டயர் தடத்தைக் கூட்டி, ஒண்ணும் நடக்காத மாதிரி. இதுவரைக்கும் பிடிபட்டதில்ல. அவர் உடம்பு சரியில்லாம வீட்டோட இருந்த ஒரு மாசம் மட்டும் மத்தியானமும் சேத்து நடத்தினோம்."

"கெட்டிக்காரங்கதான்" என்றார் பெரியவர்.

அப்போதுதான் சுண்ணாம்பு நிமிர்ந்து பார்த்தார். பார்த்த கண் பார்த்தபடி நிற்க, கை மட்டும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போயிற்று. எட்டிலிருந்து ஒரு கோடு தனியாகப் பிரிந்து மைதானத்தின் குறுக்கே ஓடிற்று. இருபது வருடத்தில் சுண்ணாம்பு போட்ட முதல் கோணல் கோடு. விசிலை வாயில் வைத்தார். ஊதத் தோன்றவில்லை.

பெரியவர் எட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஐயோ ஐயோ" சொன்ன பெண் எட்டை முடித்து வெளியே வரும்வரை நின்று பார்த்தார். பிறகு வந்த வழியே போனார்.

மாடியில் தம்பி மனைவி காத்திருந்தாள். செய்தி அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. மேசைமேல் ஐந்து நோட்டுகள் அடுக்கி வைத்திருந்தாள்.

"எல்லாம் இதுல இருக்கு அத்தான். யாரு வந்தாங்க, எத்தனை நாள், எவ்வளவு. ஒரு காசு இந்த வீட்டுக்குள்ள வந்ததில்ல."

"அதை நான் கேக்கல. அப்பா எழுதின மூணாவது விதி உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"மைதானம் விளையாட்டுக்கு மட்டுமே, வாடகைக்கு விடலாகாது. தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் முகத்தில் ஒரு நொடி பெரியவரின் தம்பி தெரிந்தான். கூடவே வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சாயல் வந்துவிடுகிறது. "அவரு தவறின அந்த வருஷம் கணக்கை நான் முதல்தடவை பாத்தேன் அத்தான். அஞ்சு மாசத்துக்குத்தான் பணம் இருந்தது. அவரு உயிரோட இருந்தவரைக்கும் தன் சம்பளத்துலேருந்து போட்டுக்கிட்டு இருந்திருக்காரு. உங்ககிட்ட சொன்னதில்ல. பிள்ளைங்ககிட்ட ஃபீஸ் வாங்கலாமான்னு கேட்டேன். செத்தாலும் கூடாதுன்னீங்க. பெயின்ட் கடைக்காரர் வந்தார். உக்காரச் சொன்னீங்க. மனசு இருக்கறவங்க தானா வருவாங்கன்னீங்க. யாரும் வரல. நீங்க சொன்ன சொல்லு பொய்யாப் போகக் கூடாதில்ல? அதான் ஒருத்தரை வரவெச்சேன்."

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பி சம்பளத்தைப் போட்டிருக்கிறான். அது அவருக்கு இப்போதுதான் தெரிகிறது. கௌரவத்தைத் தான் காத்ததாக இத்தனை நாள் நினைத்திருந்தார். தான் பேசியது மட்டும்தான், காத்தவர்கள் வேறு.

"என் பேரைப் போடுங்க" என்றாள் அவள். "நலம் விரும்பி நான்தான்னு எழுதிடுங்க. அவரோட ஓய்வூதியத்துலேருந்து குடுத்தேன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தரேன். யாரு கேக்கப் போறாங்க? பத்து வருஷத்துக்குக் கவலை இல்ல."

நல்ல யோசனைதான். குடும்பப் பெயரும் கெடாது, மைதானமும் தங்கும். இப்படிப்பட்ட நல்ல யோசனைகளோடு முப்பத்திரண்டு வருடம் அவர் மேசைக்கு முன்னால் ஆட்கள் வந்து நின்றிருக்கிறார்கள். அண்ணன் தம்பி, மாமன் மச்சான், எல்லாரும் குடும்பத்துக்காகத்தான் பொய் சொன்னார்கள். அவர் ஒருத்தருக்கும் முத்திரை குத்தியதில்லை.

"அவங்க எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"யாரு?"

"எட்டு போட்டவங்க. மொத்தமா."

அவள் கடைசி நோட்டைப் புரட்டினாள். "அறுநூத்தி எழுபத்திரண்டு."

"லைசென்ஸ் எடுத்தவங்க?"

"அதுல எழுபது எண்பது பேரைத் தவிர எல்லாரும்."

"அந்த எழுபது எண்பது பேருக்கு என்ன ஆச்சு?"

"அத்தான், திட்டறதா இருந்தா திட்டிடுங்க. இப்படிக் கேள்வி கேட்டா எனக்குப் பயமா இருக்கு."

அன்று சாயங்காலம் பெரியவர் ஒரு திருத்தப் பத்திரம் எழுதினார். பிறர் எழுதிய ஆயிரம் பத்திரம் பார்த்தவர், அப்பா எழுதியதைத் திருத்த முதல் வரியிலேயே மூன்று தாள் கிழித்தார். கடைசியில் இப்படி வந்தது: பிள்ளைகள் விளையாடும் நேரம் போக மற்ற நேரத்தில், மைதானத்தின் பராமரிப்புக்காக மட்டும், கணக்கு வைத்து வாடகைக்கு விடலாம். அறங்காவலர் ஐந்து பேரும் குடும்பத்தார்தான். வியாழக்கிழமை காலை எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்றுவிட்ட தம்பி மட்டும், "பெரியப்பா ஆவி நம்மளைச் சும்மா விடுமா அண்ணே?" என்றான். "வந்தா என்கிட்ட அனுப்பு" என்றார் பெரியவர்.

வெள்ளிக்கிழமை தம்பி மனைவியும் கூட வந்தாள். நகராட்சி அலுவலகத்தில், பணம் வந்த வழி என்ற கட்டத்தில் "வாடகை, ஸ்கூட்டர் பயிற்சி" என்று எழுதியிருந்ததைப் படித்த அதிகாரி இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் ஐந்து நோட்டுகள்.

"பதினோரு வருஷமாவா?"

"ஆமா."

"அனுமதி வாங்கினீங்களா?"

"இல்ல. தப்பு எங்களுது. மைதானக்காரர் மேலயோ கத்துக்குடுத்தவங்க மேலயோ இல்ல."

அதிகாரி நோட்டைப் புரட்டினார். "ஒரு பேரு எழுதிக் குடுத்திருந்தா நான் கேள்வியே கேட்டிருக்க மாட்டேனே ஐயா. இதுக்கு அபராதம் உண்டு. பத்து வருஷம் குடுக்க முடியாது. மூணு வருஷம்தான். அதுவும் ஒவ்வொரு வருஷமும் கணக்கைக் கொண்டாந்து காட்டணும். காலை வேளைக்குத் தனியா அனுமதிக் கட்டணம் கட்டணும்."

"அபராதம் எவ்வளவு?"

அதிகாரி சொன்ன தொகை, வங்கியில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு. தம்பி மனைவி மூச்சை இழுத்துக்கொண்டாள். பெரியவர் காசோலையை எழுதினார். தொகையை எண்ணிலும் எழுத்திலும் இரண்டு தடவை சரிபார்த்து நீட்டினார்.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றார்கள்.

"போச்சே அத்தான்" என்றாள். "பத்து மூணாச்சு. பணமும் போச்சு. பொதுக்குழுவுல பெயின்ட் கடைக்காரர் மூஞ்சியை எப்படிப் பாப்பீங்க?"

"நேராத்தான். அவர் இன்னும் குடுக்கத் தயாரான்னு கேக்கணும். அப்பா பேருக்கு எதிர்ச் சுவர் காலியாத்தானே இருக்கு." சொல்லிவிட்டு அவர் ஒரு படி இறங்கி நின்றார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. வாடகைக்கு விடணும்னா கல்யாணத்துக்கு விடலாம், கூட்டத்துக்கு விடலாம். இந்த ஸ்கூட்டர் யோசனை உனக்கு எங்கேருந்து வந்தது?"

"அவரு போனப்புறம் பேங்குக்குப் போக, வர, யாரைக் கூப்பிடறது? அந்த டீச்சர் எடம் இல்லாம ரோட்டோரமா கத்துக்குடுத்துக்கிட்டு இருந்தாங்க. நான் தினமும் ஏதாவது ஒரு பால்காரர் மேல போய் மோதினேன். சுண்ணாம்புகிட்ட, ஒரே ஒரு நாள் மைதானத்துல ஓட்டிப் பாத்துக்கறேன்னேன். முதல் எட்டு எனக்காகப் போட்டதுதான்."

"முதல் நாளே வந்துடுச்சா?"

"எங்க? பதினேழு நாள். ரெண்டு தடவை கோல் போஸ்ட்ல."

பெரியவருக்குச் சிரிப்பு வந்தது. வெளியே சிரித்து வெகுநாள் ஆனதால் அது இருமல் போல வந்தது. அவள் மரத்தடியில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து, கிளப்பி, திரும்பிப் பார்த்தாள். பஸ் நிறுத்தம் தெருக்கோடியில் இருந்தது. வெயில் ஏறிவிட்டிருந்தது. பெரியவர் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார், ஸ்கூட்டரின் பின்சீட்டைப் பார்த்தார். பத்திரத்தில் எல்லைக்கோட்டைச் சரிபார்ப்பது போல அதன் நீள அகலத்தை நிதானமாகப் பார்த்தார்.

"சரி" என்றார். "உக்காந்தப்புறம் கையை எங்க வெச்சுக்கணும்?"